தாய்மாரின் துயரை மேடையேற்றிய இசைஞர் குரெட்ஸ்கி



இசை என்றதும் நம்மில் பலருக்குத் திருவிழாவும் திருமணமும் திரைப்படமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மனிதன் மகிழ்ச்சியில் மட்டுமா பாடினான்? பிள்ளையைத் தொட்டிலில் இட்டுத் தாய் பாடினாள். அதே பிள்ளையைப் பறிகொடுத்தபோதும் அவள்தான் பாடினாள். அந்தப் பாட்டுக்கு மேடை இல்லை, பக்கவாத்தியம் இல்லை, கைதட்டல் இல்லை. யார் இயற்றியது என்றும் எவரும் கேட்பதில்லை. அழுகைதானே என்று கேட்டுவிட்டுக் கலைந்துபோகிறோம்.

அத்தகைய துயரப் பாடல்கள் மூன்றை எடுத்து, உலகின் பெரிய இசையரங்குகளில் ஒலிக்கச் செய்தவர் ஓர் இசைஞர். போலந்து நாட்டைச் சேர்ந்த அவர் பெயர் ஹென்ரிக் மிக்கோவாய் குரெட்ஸ்கி. 1933ஆம் ஆண்டில் பிறந்து 2010ஆம் ஆண்டில் மறைந்தவர். மொசார்ட், பீத்தோவன் என்று நாம் கேள்விப்படும் மேலைநாட்டு மேதைகள் இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். குரெட்ஸ்கியோ நம் காலத்தவர். அவருடைய வாழ்க்கையையும் பணியையும் இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். மேலைநாட்டுச் செவ்விசையில் இசையை இயற்றுபவர் வேறு, அதை வாசிப்பவர் வேறு. எந்தக் கருவி எந்த நேரத்தில் எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை எல்லாம் இயற்றுபவர் தாளில் குறியீடுகளாக எழுதிவிடுவார். வாத்தியக் குழுவினர் அந்தத் தாளைப் பார்த்து, எழுதியது எழுதியபடியே வாசிப்பார்கள். குழுவின் முன் நின்று கையசைத்து வழிநடத்த ஒருவர் இருப்பார். இவ்வாறு ஒரு பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதப்படும் நீண்ட படைப்பையே சிம்பொனி என்கிறார்கள். ஒரு சிம்பொனி பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகளைக் கொண்டிருக்கும். குரெட்ஸ்கி எழுதிய மூன்றாவது சிம்பொனிதான் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. அதற்கு அவர் இட்ட பெயரே துயரப் பாடல்களின் சிம்பொனி என்பதாகும்.

இனி, அவர் பிறந்த மண்ணைப் பார்ப்போம். போலந்தின் தென்பகுதியில் மேல் சிலேசியா என்றொரு வட்டாரம் உண்டு. தோண்டும் இடமெல்லாம் நிலக்கரி கிடைத்த பூமி அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சுரங்கங்களும் இரும்பாலைகளும் பெருகின. உடைமையாளர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் போலிஷ் மொழி பேசியவர்கள். முதல் உலகப் போர் 1918இல் முடிந்ததும், இந்த மண் ஜெர்மனிக்கா, போலந்துக்கா என்ற கேள்வி எழுந்தது. 1919, 1920, 1921 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் போலிஷ் மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். 1921 மார்ச் மாதத்தில் பொது வாக்கெடுப்பும் நடந்தது. முடிவில், 1922இல் வட்டாரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, அதன் கிழக்குப் பகுதி போலந்துடன் சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியதைச் சரித்திரம் எழுதி வைத்தது. போராடப் போன பிள்ளை வீடு திரும்பாததை அவனுடைய தாய் பாடி வைத்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் மீண்டும் இங்கே வர வேண்டியிருக்கும்.

அந்தச் சுரங்க வட்டாரத்தில், ரிப்னிக் நகருக்கு அருகே செர்னிட்சா என்னும் சிற்றூரில், 1933 டிசம்பர் 6ஆம் நாள் குரெட்ஸ்கி பிறந்தார். தந்தை இரயில் நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். தாய் பியானோ வாசிப்பார். எளிய குடும்பம்தான், ஆனாலும் வீட்டில் இசை இருந்தது. அந்த இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. மகனுக்கு இரண்டு வயது நிறைந்த அதே நாளில் தாய் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 26தான். பெற்ற தாயின் முகம்கூட மனத்தில் பதியாத வயதில் பிள்ளை தனியானான்.

தந்தை மறுமணம் செய்துகொண்டார். அம்மா வாசித்த பழைய பியானோ வீட்டில் இருந்தது. ஆனால் அதைத் தொடப் பையனுக்கு அனுமதி இல்லை. இசையில் அவன் காட்டிய ஆர்வத்தைத் தந்தையும் மாற்றாந்தாயும் ஊக்குவிக்கவில்லை. 1937ஆம் ஆண்டில், விளையாடும்போது விழுந்ததில் இடுப்பு எலும்பு பிசகியது. உள்ளூர் மருத்துவர் அதைச் சரியாகக் கண்டறியவில்லை. சிகிச்சை இரண்டு ஆண்டுகள் தாமதப்பட்டது. அதற்குள் எலும்பில் காசநோய் பற்றிக்கொண்டது. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் 20 மாதங்கள் கிடந்தான். நான்கு முறை அறுவை செய்தார்கள். அந்நோயின் வேதனை வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு முற்றாக நீங்கவில்லை.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1939இல் ஜெர்மனியின் நாஜிப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. குரெட்ஸ்கியின் உறவினர் பலர் நாஜிகளின் வதைமுகாம்களில் மாண்டார்கள். மிகப் பெரிய வதைமுகாமான ஆஷ்விட்ஸ் சிலேசியாவுக்கு மிக அருகிலேயே இருந்தது. போர் முடிந்தபின், தமக்கு 12 வயதாக இருந்தபோது பள்ளியிலிருந்து அந்த முகாமைப் பார்க்கச் சென்றதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கொட்டகைகளில் இன்னும் சூடு ஆறாததுபோல் தோன்றியது என்றார். அவருடைய தலைமுறையினருக்குத் துயரம் என்பது புத்தகத்தில் படித்தது அல்ல. வீட்டு வாசலில் நின்றது.

பியானோவைத் தொட விடாவிட்டாலும் பையன் இசையை விடவில்லை. போர்க்காலத்தில், 1943இல், உள்ளூரில் வயலின் கருவிகள் செய்யும் ஒருவரிடம் வயலின் கற்கத் தொடங்கினான். பள்ளிப் படிப்பை முடித்தபின் 1951 முதல் 1953 வரை ரிடுவ்டோவி என்ற சுரங்க ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை செய்தார். வேலையோடு வேலையாக ரிப்னிக் நகர இசைப் பள்ளியில் சேர்ந்து, நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள் முடித்தார். 1955இல் கத்தோவிட்சே நகரின் உயர்நிலை இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்போது வயது 21. சிறு வயதிலேயே மேடையேறிய பல இசைஞர்களோடு ஒப்பிட்டால் இது காலம் கடந்த தொடக்கம். ஆயினும் தொடங்கிய பிறகு அவர் பின்வாங்கவில்லை.

கத்தோவிட்சே என்பது சிலேசியச் சுரங்கப் பகுதியின் தலைநகர் போன்றது. குரெட்ஸ்கி படிக்கச் சென்ற ஆண்டில் அதன் பெயர்கூட மாறியிருந்தது. சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953இல் இறந்ததும், அவர் நினைவாக நகருக்கு ஸ்டாலினோகுருட் என்று பெயரிட்டார்கள். 1956இல் பழைய பெயர் திரும்பி வந்தது. போலந்தில் அன்று நடந்தது கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி. ஓவியமும் கதையும் மட்டுமல்ல, இசைகூட ஆட்சியின் கொள்கையைப் புகழ்ந்து எழ வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 1956க்குப் பிறகு இந்தப் பிடி சற்றுத் தளர்ந்தது. அதே ஆண்டில் தலைநகர் வார்சாவில் 'வார்சா இலையுதிர்காலம்' என்ற புதிய இசை விழா தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவின் புதுமையான இசை எல்லாம் அங்கே ஒலித்தது. இளைஞர்கள் அதை ஆவலோடு பருகினார்கள்.

அந்தப் புதிய இசை எப்படிப்பட்டது? அதுவரை வழக்கில் இருந்த இனிய இணைவுகளை ஒதுக்கிவிட்டு, ஒன்றோடொன்று சேராத ஒலிகளை வேண்டுமென்றே மோதவிடும் இசை அது. பாடிப் பார்க்கத்தக்க மெட்டு இராது; காலால் தட்டத்தக்க தாளமும் இராது. சுரங்களைக் கணக்குப்போல் வரிசைப்படுத்தி எழுதுவார்கள். இரு பெரும் போர்களைக் கண்ட உலகில் பழைய இனிமை பொய்யாகிவிட்டது என்று அந்த இளைஞர்கள் எண்ணினார்கள். அதிலும் ஓர் உண்மை இருந்தது.

குரெட்ஸ்கி இந்தப் புதுமையில் முன்னணியில் நின்றார். 1958இல் அவருடைய படைப்புகளுக்கு என்றே கத்தோவிட்சேயில் ஒரு தனி நிகழ்ச்சி நடந்தது. அவர் மாணவராக இருந்த காலம் அது. 1959இல் எழுதிய முதல் சிம்பொனி, பின்னர் பாரிஸ் நகரில் நடந்த இளைஞர் கலைவிழாவில் பரிசு பெற்றது. 1960இல் 'மோதல்கள்' என்னும் பொருள்தரும் பெயரில் ஒரு படைப்பை வார்சா விழாவில் அரங்கேற்றினார். பெயருக்கேற்ப ஒலிகள் முட்டி மோதின, அரங்கமே அதிர்ந்தது. போலந்தின் புதிய இசைக்கு இவர் ஒரு தூண் என்று அறிஞர்கள் பாராட்டினார்கள். இதே வழியில் சென்றிருந்தால் பட்டமும் பாராட்டும் தொடர்ந்து வந்திருக்கும்.

ஆனால் அவர் மெல்ல வேறு திசையில் நடக்கத் தொடங்கினார். 1963இல் பழைய பாணியில் மூன்று சிறு படைப்புகள் எழுதினார். அவற்றில் நாட்டுப்புற மெட்டுகளின் மணம் வீசியது. நடுக்காலத்துப் போலந்தின் தேவாலயப் பாடல்களைத் தேடிப் படித்தார். தென்போலந்தின் தாத்ரா மலைப்பகுதியில் ஆயர்களும் உழவர்களும் பாடும் பாட்டுகளைக் காதுகொடுத்துக் கேட்டார். நூறு ஒலிகளை மோதவிட்டவர், ஒரே ஓர் ஒலியை நெடுநேரம் நிற்கவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் தொடங்கினார். அவருடைய எளிமை அறியாமையில் பிறந்தது அன்று என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். மிகக் கடினமான வித்தையைக் கற்று முடித்தவர், அதை இறக்கி வைத்துவிட்டு எளிமைக்கு வந்தார். கற்ற வித்தையைக் காட்டாமல் இருப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

1973ஆம் ஆண்டில் அவர் ஆடோல்ஃப் டிகாட்ஸ் என்ற நாட்டுப்பாடல் ஆய்வாளரை அணுகினார். சிலேசிய மக்களின் பாடல்களை ஊர் ஊராகச் சேகரித்தவர் டிகாட்ஸ். அவர் காட்டியவற்றுள் ஒரு பாடல் குரெட்ஸ்கியின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சற்று முன் சிலேசிய எழுச்சிகளைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அந்தக் காலத்துத் தாய் ஒருத்தி, திரும்பி வராத மகனைத் தேடிப் புலம்பும் பாட்டு அது. அவனை யார் கொன்றார்கள், உடல் எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அடக்கம் செய்யவும் வழியில்லாத கிழவியின் அழுகை.

அதே ஆண்டில் இன்னொரு செய்தி அவருக்கு எட்டியது. தாத்ரா மலையடியில் உள்ள சாக்கோபானே நகரில், போர்க்காலத்தில் 'பாலஸ்' என்னும் கட்டடத்தை நாஜிகளின் இரகசியப் போலீசார் சிறையும் வதைக்கூடமுமாக ஆக்கியிருந்தார்கள். அங்கே ஓர் அறைச் சுவரில் 1944 செப்டம்பரில் அடைக்கப்பட்ட 18 வயதுப் பெண் ஒருத்தி சில சொற்களைக் கீறியிருந்தாள். அச்சுவர்களில் மற்றவர்கள், தாம் குற்றமற்றவர் என்றும் கொலைகாரர்கள் ஒழிக என்றும் எழுதியிருந்தார்கள். இந்தப் பெண்ணோ பழி வாங்கச் சொல்லவில்லை. தனக்காக வருந்தவும் இல்லை. தன் தாய்க்கு ஆறுதல் சொல்லி, விண்ணக அன்னையின் துணையை வேண்டியிருந்தாள். சாவின் வாசலில் நிற்கும் பிள்ளை, பெற்றவளைத் தேற்றுகிறது! இதைப் படித்த குரெட்ஸ்கியால் மறக்க முடியவில்லை.

ஒன்று பிள்ளையைத் தேடும் தாயின் பாட்டு. மற்றொன்று தாயை எண்ணும் பிள்ளையின் சொல். இவற்றோடு சேர்க்க மூன்றாவதாக, 15ஆம் நூற்றாண்டில் போலந்தின் ஒரு மடத்தில் எழுதப்பட்ட புலம்பல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சிலுவையில் உயிர்விடும் இயேசுவின் முன் நின்று, அந்த வேதனையைத் தன்னோடு பகிர்ந்துகொள்ளும்படி தாய் மரியா மகனை வேண்டும் பாட்டு அது. ஒன்று தெய்வத் தாயின் துயரம். ஒன்று சிறைப்பட்ட பெண்ணின் துயரம். ஒன்று ஊர் பேர் தெரியாத கிராமத்துக் கிழவியின் துயரம். மூன்றையும் ஒரே வரிசையில், சமமாக உட்கார வைத்தார். இதுவே இந்தப் படைப்பின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம்.

1976இல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதங்களில் அவர் இந்தச் சிம்பொனியை எழுதி முடித்தார். எழுதித் தரும்படி கேட்டது ஜெர்மனியின் பாடன்-பாடன் நகர வானொலி நிலையம். படைப்பைத் தம் மனைவிக்குக் காணிக்கையாக்கினார். ஒரு பெண் குரலும் வாத்தியக் குழுவும் சேர்ந்து ஏறக்குறைய 55 நிமிடம் ஒலிக்கும் இசை அது. பெரிய வாத்தியக் குழு என்றால் முரசும் எக்காளமும் முழங்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் முரசு கிடையாது, எக்காளமும் கிடையாது. மூன்று பகுதிகளும் மெதுவான நடையிலேயே செல்கின்றன.

அந்த இசை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிப் பார்ப்போம். வயலின் குடும்பத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் மிகப் பெரிய கருவி டபுள் பாஸ். அதன் ஆழ்ந்த ஒலியில், காது கூர்ந்தால்தான் கேட்கும்படி, ஒரு மெட்டு தொடங்குகிறது. அது முடிந்ததும் அடுத்த கருவிக் கூட்டம் அதே மெட்டைச் சற்று உயர்ந்த சுரத்தில் எடுக்கிறது. முதல் கூட்டம் நிறுத்துவதில்லை, அதுவும் தொடர்கிறது. பிறகு மூன்றாவது, நான்காவது என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து அழுவதுபோல் இருக்கும். ஒலி பெருகி உச்சத்தை அடைந்ததும் சட்டென்று எல்லாம் அடங்கி, ஒரே ஒரு பெண் குரல் எழுந்து மரியாவின் புலம்பலைப் பாடுகிறது. அவள் பாடி முடித்ததும் கருவிகள் மீண்டும் தொடங்கி, ஏறிய படிகளிலேயே ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் டபுள் பாஸ் மட்டும் எஞ்சி அடங்குகிறது.

இரண்டாம் பகுதி சிறைப் பெண்ணுடையது. மூன்றும் சேர்ந்த படைப்பில் இதுவே மிகச் சிறியது. சாக்கோபானே மலைமக்களின் இசையை நினைவூட்டும் மெல்லிய ஒளியோடு அது தொடங்குகிறது. மூன்றாம் பகுதியில் கிழவியின் பாட்டு. தொட்டில் ஆடுவதுபோல் இரண்டு ஒலிகள் மாறி மாறி அசைய, அதன்மேல் குரல் மிதக்கிறது. ஒப்பாரியும் தாலாட்டும் ஒன்றாகிவிடும் இடம் அது. முடிவில் இருள் விலகுவதுபோல் இசை இனிய இணைவுக்கு மாறி, அந்த ஒரே இணைவு 21 முறை ஒலித்து நிற்கிறது.

1977 ஏப்ரல் 4ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் ரொயான் நகரில் புதிய இசைக்கான விழாவில் இது முதன்முதலாக அரங்கேறியது. போலந்துப் பாடகி ஸ்டெஃபானியா வொய்த்தோவிச் பாடினார். கூடியிருந்தவர்கள் புதுமை இசையின் வல்லுநர்கள். ஐரோப்பாவின் காதை உருவாக்குபவர்கள். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று பழைய மெட்டுகளை இழுத்து இழுத்து ஒரு மணி நேரத்தை வீணாக்கியதாக ஏளனம் செய்தார்கள். முன்னணியில் நின்றவர் பின்னால் ஓடிவிட்டார் என்றார்கள். அந்தக் கடைசி இணைவு 21 முறை ஒலித்தபோது, அருகில் அமர்ந்திருந்த பெயர்பெற்ற பிரெஞ்சு இசைஞர் ஒருவர் உரக்க ஓர் இழிசொல்லை உதிர்த்ததாகக் குரெட்ஸ்கியே பின்னாளில் சொன்னார். அவர் பதிலுக்கு வாதாடவில்லை. எழுதியதில் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. ஊருக்குத் திரும்பித் தம் வேலையைப் பார்த்தார்.

அந்த வேலையும் சோதனை நிறைந்ததுதான். 1975இல் அவர் தாம் படித்த கத்தோவிட்சே இசைக் கல்லூரிக்கே தலைவர் ஆகியிருந்தார். அரசாங்கப் பதவி, ஆனால் மனிதரோ ஆட்சியாளருக்குத் தலையாட்டாதவர். 1977இல் கிராக்கோவ் நகரின் கர்தினால் வொய்த்திவா, போலந்தின் புனிதர் ஸ்தானிஸ்லாவ் மறைந்த 900ஆம் ஆண்டு நினைவாக ஓர் இசைப் படைப்பு வேண்டினார். குரெட்ஸ்கி இசைந்தார். மறு ஆண்டு அதே கர்தினால் இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். 1979 ஜூன் மாதம் அவர் தாயகத்துக்கு வந்தபோது, கத்தோவிட்சே நகருக்கு வர அரசு அனுமதி மறுத்தது. அதைக் கண்டித்துக் குரெட்ஸ்கி கல்லூரித் தலைவர் பதவியை உதறினார். கிராக்கோவில் போப்பாண்டவர் முன்னிலையில் அந்தப் படைப்பைத் தாமே முன்னின்று நடத்தினார்.

1980இல் போலந்துத் தொழிலாளர்கள் 'சோலிடாரிட்டி' என்ற ஒற்றுமைச் சங்கத்தை அமைத்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். 1981 மார்ச்சில் பிட்கோஷ் நகரில் அந்தச் சங்கத்தினரைக் காவல் படையினர் அடித்து நொறுக்கினர். செய்தி கேட்டதும் குரெட்ஸ்கி, கருவிகள் ஏதும் இன்றிப் பெரும் பாடகர் கூட்டம் மட்டுமே பாடும் ஒரு மன்றாட்டை எழுதினார். அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் அந்தப் படைப்பில் இருப்பவை ஐந்தே சொற்கள். அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் நாட்டில் இராணுவச் சட்டம் வந்தது. மூன்று நாள் கழித்து கத்தோவிட்சேயின் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். சிலேசியத் தாய்மாருக்கு மீண்டும் அதே அழுகை. அந்த மன்றாட்டு மேடையேற 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படிப் பத்தாண்டுக்கு மேல் போலந்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் சிலரே. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தது. 1992இல் மூன்றாவது சிம்பொனியின் ஒரு புதிய பதிவு வெளிவந்தது. லண்டன் சின்ஃபோனியட்டா குழு வாசிக்க, டேவிட் சின்மன் நடத்த, அமெரிக்கப் பாடகி டான் அப்ஷா பாடியது அது. அதே ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு வானொலி நிலையம் அதன் பகுதிகளை அடிக்கடி ஒலிபரப்பியது. சமையல் செய்துகொண்டிருந்தவர்களும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். இது என்ன இசை, யார் எழுதியது என்று கடைகளில் போய்க் கேட்டார்கள். செவ்விசைப் பதிவுகள் சில ஆயிரம் விற்றாலே பெரிது என்று இருந்த காலம். இது பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. 1993இல் இங்கிலாந்தின் பொது இசைப் பட்டியலில், திரைநட்சத்திரங்களுக்கு நிகரான புகழுடைய பாப் பாடகர்களின் நடுவே, ஆறாவது இடத்துக்கு ஏறியது.

வல்லுநர்கள் ஒதுக்கியதைப் பொதுமக்கள் பதினைந்து ஆண்டு கழித்து அணைத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் போலிஷ் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் ஒரு தாய் அழுகிறாள் என்பது புரிந்தது. சிலர் இதைப் போரின் கொடுமையைப் பற்றிய இசை என்று மட்டும் சொன்னார்கள். குரெட்ஸ்கி அதை ஏற்கவில்லை. எந்த ஒரு போருக்கும் எந்த ஒரு முகாமுக்கும் உரியதாக அதை அவர் சுருக்க விரும்பவில்லை. மக்கள் தங்களுக்குத் தேவையான ஏதோ ஒன்றை அதில் கண்டிருக்கலாம் என்று அடக்கமாகச் சொன்னார். தாயைப் பற்றிய நினைவே இல்லாமல் வளர்ந்த ஒருவர், உலகத்துத் தாய்மார் அனைவருக்கும் பொதுவான ஒரு பாட்டைத் தேடிக் கண்டுபிடித்தார் என்றுதான் நாம் சொல்லத் தோன்றுகிறது.

திடீரென்று வந்த புகழும் பணமும் அவருடைய நடையை மாற்றவில்லை. தாத்ரா மலைச் சாரலில் வீடு அமைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். மனம் ஒப்பாத வரை எதையும் வெளியிடமாட்டார். அமெரிக்காவின் குரோனோஸ் நால்வர் குழுவுக்காக எழுதிய ஒரு படைப்பை 1995இல் முடித்தும், 2005 வரை கையிலேயே வைத்திருந்தார். 2010 அக்டோபரில் போலந்தின் மிக உயர்ந்த விருதான வெள்ளைக் கழுகு விருது, நோய்ப்படுக்கையில் இருந்த அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் கத்தோவிட்சேயில் காலமானார். அவர் முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற நான்காவது சிம்பொனியை, இசைஞரான அவர் மகன் மிக்கோவாய் நிறைவு செய்தார். 2014இல் அது லண்டனில் அரங்கேறியது.

நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் மறந்துவிடக் கூடாத ஒருவர் இருக்கிறார். சிலேசியக் கிழவியின் பாட்டைக் கேட்டு எழுதி வைத்தவர்தான் அவர். அவர் அன்று தாளும் பேனாவும் எடுத்திராவிட்டால், அந்தப் பாட்டு பாடியவளோடு மண்ணுக்குள் போயிருக்கும். குரெட்ஸ்கிக்கு அது கிடைத்திராது. உலகம் அதைக் கேட்டிராது.

நம் பாட்டிமார்களும் பாடியிருக்கிறார்கள். கப்பலேறி வந்ததை, காடு வெட்டித் தோட்டம் ஆக்கியதை, காய்ச்சலில் பிள்ளையை இழந்ததை, சயாம் மரண இரயில் பாதைக்குப் போன கணவன் திரும்பாததை அவர்கள் பாட்டாகவே சொன்னார்கள். அவற்றில் எத்தனை எழுதப்பட்டன? அது வெறும் ஒப்பாரி, படிக்காதவர்களின் பாட்டு என்று நாமே சொன்னால், வேறு யார் வந்து அதை மதிப்பார்கள்? வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் அருகில் உட்காருங்கள். சின்ன வயதில் கேட்ட பாட்டு ஏதும் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை ஏட்டில் எழுதட்டும். இன்று கைத்தொலைபேசியிலேயே குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு வரிதான் நினைவிருக்கிறது என்றாலும் பரவாயில்லை. அந்த இரண்டு வரியையும் பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

அதை வைத்துச் சிம்பொனி எழுத ஒருவர் வருவாரோ, மாட்டாரோ, அது காலத்தின் கையில் இருக்கிறது. பாட்டை அழியாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.